பாட்டில் கீழேயே இருக்கட்டும்

கடைக்கு மிக்சி கொண்டுவருகிறவர்கள் எல்லாம், மிக்சிக்கு என்ன கோளாறு என்று சொல்வதற்கு முன்னால் எனக்கு என்ன கோளாறு என்று கேட்கிறார்கள். "இன்னாக்கா, நெஞ்சுல ஓட்டை போட்டாங்களாமே?" என்கிறாள் ஒருத்தி. "டி.பி.ன்னு சொன்னாங்களே, இப்ப பரவால்லையா?" என்று இரண்டடி தள்ளி நின்று விசாரிக்கிறார் இன்னொருவர். ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். டி.பி. இல்லை. ஓட்டை போட்டது உண்மை. ஆனால் எனக்கு இன்றைக்கும் மனதில் ஓடிக்கொண்டிருப்பது அந்த ஓட்டை அல்ல, அதை வைத்து ஒரு பெண்ணின் வேலைக்கு வந்த ஆபத்து.

என் பெயர் ரேவதி. திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில் மிக்சி, கிரைண்டர், டேபிள் ஃபேன் ரிப்பேர் பார்க்கிறேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுவதும் நானேதான். எந்தப் பொருளைப் பார்த்தாலும், திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் பாலாஜி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். "கடவுள் உனக்கு வாய் வெக்கிற எடத்துல ஸ்குருடிரைவர வெச்சிட்டாரு" என்பார்.

ஆடி பிறந்த சமயம் காய்ச்சல் வந்தது. கூடவே வலது விலாவில் ஒரு குத்து. மூச்சை ஆழமாக இழுத்தால் யாரோ கோணி ஊசியை வைத்து அழுத்துகிற மாதிரி. கேஸ்தான் என்று கோலி சோடா குடித்தேன். ஓமத் தண்ணீர் குடித்தேன். கடையில் உட்கார்ந்து நாலு மிக்சிக்கு பிளேடும் மாற்றினேன். பேசினால் மூச்சு வாங்குகிறது என்று நான் பேச்சைக் குறைத்த அன்றுதான் பாலாஜி பயந்துபோனார். காய்ச்சலுக்கு அவர் கலங்கவில்லை. நான் வாய் மூடியதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என் முதுகில் விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டினார். எனக்கு ஒரே ஆச்சரியம். காயில் இறுகியிருக்கிறதா என்று நானும் மோட்டாரை இப்படித்தான் தட்டிப் பார்ப்பேன். "இன்னா சார் கேக்குது?" என்றேன். "இடது பக்கம் காலிக் குடம் மாதிரி கேக்குதும்மா. வலது பக்கம் கீழ தண்ணி ரொம்பின குடம்" என்றார். நிமோனியா, அதாவது நுரையீரலில் சளி கட்டிய காய்ச்சல். அதைக் கவனிக்காமல் விட்டதால் நுரையீரலைச் சுற்றியிருக்கும் இரண்டு மெல்லிய ஜவ்வுகளுக்கு நடுவில் நீர் கோத்துக்கொண்டது. நுரையீரல் விரிய இடமில்லாமல் நசுங்கிக்கிடக்கிறது. அந்த நீரை எடுத்தால்தான் மூச்சு.

எக்ஸ்ரே அறையில்தான், படம் எடுக்கிற கஸ்தூரியைப் பார்த்தேன். ஐம்பதை நெருங்கும் வயது, கண்ணாடி, அதட்டலான குரல். "மூச்ச இழுத்துப் புடி, ஆடாத" என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய்விட்டார். திரும்பி வந்தபோது அவர் சட்டையில் குத்தியிருந்த சின்ன அட்டை என் கண்ணில் பட்டது. விடுவேனா?

"அது இன்னா மேடம், பேர் அட்டையா?"

"இல்லம்மா. தெனம் இந்தக் கதிர் பக்கத்துலயே நிக்கறேன்ல, என் ஒடம்புல எவ்ளோ ஏறுதுன்னு இது அளந்துகினு இருக்கும். அப்பப்ப அனுப்பிப் பாப்பாங்க."

"ஆஸ்பத்திரில குடுப்பாங்களா?"

"குடுக்கணும். ஆனா நாங்க சங்கம் வெச்சுக் கேட்டப்புறம்தான் குடுத்தாங்க" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

சங்கம் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கொடி, கோஷம், பஸ் ஓடாத நாள். தனிக்கடைக்காரிக்கு அதோடு என்ன உறவு? ஆஸ்பத்திரியில் எதற்குச் சங்கம் என்று அந்த வலியிலும் யோசித்துக்கொண்டே ஸ்ட்ரெச்சரில் போனேன்.

விலாவில் ஊசி விட்டுக் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். கலங்கிய வடிகஞ்சி மாதிரி இருந்தது. அதைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, டி.பி.யாகக்கூட இருக்கலாம், முடிவு வரட்டும் என்றார் டாக்டர். அந்த முடிவு வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் இருந்த இருப்பு இருக்கிறதே, அதை எதிரிக்கும் தரக்கூடாது. எனக்குப் பயம் வந்தால் பேச்சு கூடும். அப்போது பேச மூச்சில்லை. பாலாஜிக்குப் பயம் வந்தால் வேலை செய்வார். என் செல்போனுக்குச் சார்ஜ் போடுவார், போட்டதை எடுப்பார், மறுபடி போடுவார். பில் கட்டும் ஜன்னலுக்குப் போய்வந்தால் முகத்தைக் காட்டாமல் ஃபிளாஸ்க் கழுவப் போய்விடுவார். காரமில்லாமல் சட்னி அரைக்கத் தெரியாத மனுஷன், கடையில் ஸ்பேர் கிடந்த மிக்சியில் அரைத்துக் கொண்டுவந்தார். உப்பே இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தின்றேன்.

டி.பி. இல்லை என்று வந்த அன்று இருவரும் அழுதோம், வெட்கமே இல்லாமல்.

அன்றைக்கே நெஞ்சுக்குழாய் போட்டார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு விலா எலும்புக்கு நடுவில் சின்னதாகக் கீறி, குழாயை உள்ளே விட்டுத் தைத்துவிட்டார்கள். வலி இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் வந்ததே ஒரு வேடிக்கை! குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே தரையில் ஒரு பாட்டிலுக்குப் போனது. பாட்டிலில் கொஞ்சம் சுத்தமான தண்ணீர். குழாயின் வாய் அந்தத் தண்ணீருக்குள் முங்கியிருக்கிறது. நான் மூச்சு விட விட, குழாய்க்குள் தண்ணீர் மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது. என் மூச்சை நானே பார்க்கிறேன்!

"இது எப்டி வேல செய்யுது சிஸ்டர்?" என்று வார்டு நர்ஸைக் கேட்டேன். பெயர் சுகந்தி. பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண். கல்யாணம் ஆகவில்லை. நடக்கிறாளா ஓடுகிறாளா என்று தெரியாத நடை.

"உள்ள இருக்குற நீரும் காத்தும் இது வழியா வெளிய வந்துடும்க்கா. பாட்டில்ல தண்ணி இருக்குறதால வெளிக்காத்து உள்ள போவ முடியாது. ஒரு வழிக் கதவு."

"வால்வு!" என்றேன்.

"ஆங், அதேதான். ஆனா ஒண்ணு. பாட்டில் எப்பவும் உங்க நெஞ்சுக்குக் கீழயே இருக்கணும். மேல தூக்கினா உள்ளேர்ந்து வந்ததெல்லாம் திரும்ப உள்ள போயிடும். அண்ணா, நீங்களும் கேட்டுக்கோங்க. யாரு வந்தாலும் சொல்லுங்க. பாட்டில் கீழயே இருக்கட்டும்."

என்னைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் அவளே வந்து இதைச் சொல்வாள். பக்கத்துக் கடைப் பூக்காரம்மா வந்தபோதுகூட வாசலிலேயே நிறுத்திச் சொல்லி அனுப்பினாள்.

குழாயோடு படுத்திருப்பவளுக்கு வேறென்ன வேலை? பார்ப்பது, கேட்பது. குப்பை எடுக்க வரும் ஆயா ஊசிகளை மட்டும் ஒரு கெட்டியான டப்பாவில் போடுவதைப் பார்த்துக் கேட்டேன். சுகந்தி சொன்னாள். முன்பெல்லாம் எல்லாம் ஒரே பைதானாம். ஒரு ஆயா கையில் பயன்படுத்திய ஊசி ஏறிவிட்டது. சொன்னால் திட்டுவார்கள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாள். தற்செயலாகக் கஸ்தூரி பார்த்துவிட்டார். சங்கம் போய்ப் பேசித்தான் அந்த டப்பாவும், ஆயாக்களுக்கெல்லாம் மஞ்சள் காமாலைத் தடுப்பூசியும் வந்தன.

"அப்ப நீயும் சங்கத்துல இருக்கியா?"

சுகந்தி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "இல்லக்கா. சேந்தா மொதல்ல வெளிய போறது அவங்கதான்னு மேனேஜர் சொல்லிகினே இருக்காரு. நைனா கடலை போட்டு ரெண்டு போகமா ஒண்ணும் தேறல. நான் ஒருத்திதான் வீட்டுக்கு. எனக்கு எதுக்குக்கா வம்பு?"

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. வம்பு எதற்கு?

ஆடிக் கிருத்திகை வந்தது, அதோடு சேர்ந்த தெப்பத் திருவிழாவும். எங்கள் ஊருக்கு அன்று என்ன கூட்டம் வரும் என்று சொல்லவேண்டியதில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ரோடு முழுக்க மஞ்சளும் காவடியும். அரோகரா சத்தம் ஓயவேயில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் மலையடிவாரத்தில் பெரிய பேனர் கட்டி மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். மயங்கி விழுகிறவர்களுக்கு, காலில் கொப்புளம் கண்டவர்களுக்கு. நல்ல காரியம். ஆனால் அதற்கு ஆள்? வார்டுகளிலிருந்துதான். எதிர் வார்டு நர்ஸ் முகாமுக்குப் போய்விட்டாள். அந்த வார்டு, எங்கள் வார்டு இரண்டுக்கும் சுகந்தி ஒருத்தி. காலையிலிருந்து அவள் தண்ணீர்கூடக் குடித்ததாகத் தெரியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் பாலாஜி சாப்பிடப் போயிருந்தார். மாத்திரை மயக்கத்தில் நான் கண்ணை மூடியிருந்தேன். அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் வந்தார். பெயர் சரோஜா, பாலாஜியின் அக்கா; நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து காவடிக் கூட்டத்தோடு நடந்தே வந்து, மலையேறி, எனக்காக வேண்டிக்கொண்டு, விபூதிப் பிரசாதத்தோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். அவரை நிறுத்திச் சொல்ல வாசலில் யாருமில்லை. சுகந்தி எதிர் வார்டில் வலிப்பு வந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என் நெற்றியில் விபூதி வைக்கவேண்டுமென்றால் அண்ணி கட்டிலின் தலைமாட்டுக்கு வரவேண்டும். வழியில் தரையில் அந்தப் பாட்டில். உள்ளே என் நெஞ்சிலிருந்து வந்த கலங்கல். சாமி பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தாண்டுவதா? எங்கள் பக்கத்தில் யாரும் தாண்ட மாட்டார்கள். காலால் நகர்த்தவும் அவருக்கு மனசு வரவில்லை, உள்ளே இருப்பது என் உடம்பிலிருந்து வந்ததாயிற்றே. பக்குவமாக இரண்டு கையாலும் தூக்கி, என் தலைக்கு மேலிருந்த ஜன்னல் திட்டில் வைத்துவிட்டார். வைத்துவிட்டு, "முருகா" என்று என் நெற்றியில் பூசினார்.

விலாவுக்குள் ஏதோ சில்லென்று ஓடியது. கண்ணைத் திறந்தேன். இருமல். மூச்சை இழுக்கிறேன், வரவில்லை. பாட்டிலை நானே பார்க்கிறேன், கையைக் காட்டுகிறேன், பேச்சு வரவில்லை. அண்ணி, "சாமி வந்துட்டாரும்மா, சாமி வந்துட்டாரு" என்கிறார்! செத்தேன் என்றே நினைத்தேன். என் இருமல் கேட்டு சுகந்தி ஓடி வந்தாள். பாட்டிலைக் கீழே இறக்கினாள், என்னை நிமிர்த்தி உட்காரவைத்தாள், ஆக்சிஜன் மாஸ்க்கைப் போட்டாள். குழாயில் நீர் திரும்ப இறங்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு மூச்சு வந்துவிட்டது.

இங்கேதான் கவனிக்கவேண்டும். பார்த்த யாருக்கும் விஷயம் தெரியாது. அண்ணிக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. என்னால் அப்போது பேச முடியவில்லை. சுகந்தி வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை அதோடு முடிந்தது. அவள் நேரே டாக்டருக்குப் போன் செய்தாள். "சார், பாட்டில் மேல போயிடுச்சு, நீர் உள்ள திரும்பிடுச்சு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. டாக்டர் வந்தார். கஸ்தூரி எக்ஸ்ரே மெஷினைக் கட்டிலுக்கே தள்ளிக்கொண்டு வந்தார். வெளியே போன அழுக்கு உள்ளே போனால் மறுபடி சீழ் வைக்கலாமாம். அதனால் அன்றே மருந்தை மாற்றினார்கள். அவள் சொன்னதால் மாற்றினார்கள்.

அடுத்த நாள் காலை மேனேஜர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. என் கட்டிலுக்கு எதிரேதான் நர்ஸ் மேசை, ஒரு வார்த்தை தப்பாமல் கேட்டது.

"உன் கவனக்கொறவு. நீயே நின்னுக்கறேன்னு சொல்லிட்டுப் போயிடு. உனக்கும் நல்லது."

சுகந்தி அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேனேஜர் என்னிடம் திரும்பினார். "ஏம்மா, விசிட்டர் பாட்டிலைத் தொடக்கூடாதுன்னு இவ உங்க சைடுல யாருக்கும் சொல்லலதானே?"

பாலாஜி என் கையை லேசாக அழுத்தினார். அர்த்தம் எனக்குத் தெரியும். ஆமாம் என்று சொன்னால் அக்கா பெயர் வெளியே வராது. அண்ணி கட்டில் ஓரத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார். விரதமிருந்து எனக்காக மலையேறிய மனுஷி. என்ன சொல்வது?

நான் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரி வந்துவிட்டார். பின்னால் எதிர் வார்டு நர்ஸ், ஊசி டப்பா ஆயா, லேப் பையன். கொடியுமில்லை, கோஷமுமில்லை.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றார் கஸ்தூரி. "நேத்து மத்தியானம் இந்த வார்டுல எத்தினி நர்ஸ்?"

"கிருத்திகைன்னா அப்டித்தான். இவ உங்க சங்கத்துலயே இல்லியே, நீங்க எதுக்கு வந்தீங்க?"

"அவ இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா? அவ தனியா பாத்த ரெண்டு வார்டுல ஒண்ணு, கேம்புக்குப் போன எங்க ஆளோடது. அந்த வேலையும் சேத்து அவதான் செஞ்சா."

எனக்குப் பொறுக்கவில்லை. குழாயோடு எழுந்து உட்கார்ந்தேன். "சார், இந்தப் பொண்ணு எனக்குச் சொன்னா, எங்க ஊட்டுக்காரருக்குச் சொன்னா, பூக்காரம்மாவக்கூட நிறுத்திச் சொன்னா. நேத்து சொல்ல அவ இங்க இல்ல, ஏன்னா நீங்க அவள ரெண்டா வெட்டி ரெண்டு எடத்துல வெச்சிட்டீங்க. ஒரே ஒயர்ல ஊட்டு லோடெல்லாம் போட்டுட்டு, ஃபியூஸ் போச்சுன்னா ஃபியூஸத் திட்டுவாங்களா?"

மூச்சு வாங்கியது. பாலாஜி தண்ணீர் கொடுத்தார். அப்போது அண்ணி முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.

"நான்தான் சாமி தூக்கினேன். பிரசாதத்தோட தாண்டக் கூடாதுன்னு தூக்கினேன். அந்தப் பொண்ணு மேல பழி போடாதீங்க, எங்க முருகன் மேல சத்தியம்."

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கஸ்தூரி குரலை உயர்த்தாமலே பேசினார். "சார், நேத்து அவ உண்மையச் சொன்னதாலதான் இந்தம்மாவுக்கு மருந்து மாறுச்சு. இன்னிக்கு அதுக்காக அவள அனுப்புனீங்கன்னா, நாளைக்கு எவளாவது ஒருத்தி சொல்லுவாளா? பாட்டில எறக்கி வெச்சிட்டுக் கம்முனு போயிடுவா. தெப்பம் முடியிற வரைக்கும் கேம்பு இருக்குது. கேம்பு எங்க டியூட்டி இல்ல, பிரியப்பட்டுத்தான் போறோம். இனிமேலும் போறோம். ஆனா வார்டக் காலி பண்ணிட்டு ஒருத்தரும் போவ மாட்டோம்."

மேனேஜர் டாக்டரைப் பார்த்தார். "அவங்க சொல்றது சரி" என்றார் டாக்டர். மேனேஜர் அந்தப் பேனரை நினைத்தாரோ என்னவோ, "பேசிச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுகந்தியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை உண்டா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று முழுக்க நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். என் கடையில் மெஷின் வெடித்தால் எனக்காகப் பேச நான் மட்டும்தான். அது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் இன்னொருவர் உயிரைக் கையில் வைத்திருக்கிறவள் தனியாள் என்றால், அவள் பயப்படுவாள். பயந்தால் மறைப்பாள். அவள் மறைத்தால் போவது கட்டிலில் கிடக்கிற நான். சங்கம் அவர்களுக்கு எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தேனே, அது எனக்கும்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

தெப்பத் திருவிழா நடந்துகொண்டிருந்தபோதே நீர் வடிவது நின்றது. எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்துவிட்டது. குழாயை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் என் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. திரையை இழுத்தார்கள். தையலைப் பிரித்தார்கள். குழாயை இழுக்கும்போது மூச்சை அடக்கவேண்டும், இல்லாவிட்டால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். விலாவில் ஒரு கை பஞ்சை வைத்து அழுத்தியது.

"நல்லா இழுத்துப் புடிங்கக்கா."

அந்தக் குரல்! திரும்பக் கூடாது என்றும் தெரியும், திரும்பாமல் இருக்கவும் முடியவில்லை. சுகந்தி. அதே ஓட்ட நடை, கலைந்த தலை.

"ஏய், வந்துட்டியா!"

"பேசாதீங்க, மூச்சப் புடிங்க!" என்று அதட்டினாள். அந்த அதட்டல் அப்படியே கஸ்தூரியுடையது. எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை.

பிடித்தேன். டாக்டர் இழுத்தார். எதிர் வார்டிலிருந்து யாரோ, "சிஸ்டர்!" என்று கூப்பிட்டார்கள். சுகந்தியின் கை என் விலாவை விட்டு அசையவில்லை. திரைக்கு அந்தப் பக்கமிருந்து வேறொரு நர்ஸின் குரல், "ஆங், வந்துகினே இருக்கேன்" என்று பதில் சொன்னது.

"இப்ப மூச்ச விடுங்கக்கா" என்றாள் சுகந்தி.

விட்டேன்.